எரிசக்திக் கொள்முதலும் போர் அறமும்: சிங்கப்பூரை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஆண்டுதோறும் தீபாவளியையொட்டிச் சிராங்கூன் சாலையின் குறுக்கே வண்ண விளக்குகள் ஏற்றப்படுகின்றன. லிட்டில் இந்தியாவைப் பற்றி எழுதுவோர் அவ்விளக்குகளின் அழகைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அவற்றை எரியச் செய்யும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று எழுதினோர் மிகக் குறைவு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவைக் கொண்டு உற்பத்தி செய்யப்படுகிறது. அவ்வாயு இத்தீவில் கிடைப்பதன்று. 1992 முதல் மலேசியாவிலிருந்தும் 2001 முதல் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. 2013 முதல் ஜூரோங் தீவிலுள்ள முனையத்திற்குக் கப்பல்களில் திரவ இயற்கை எரிவாயுவாகவும் வந்து சேர்கிறது.

குழாய் வழி வரும் வாயுவுக்கு ஊர் உண்டு. இன்ன கிணற்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். கப்பலில் வரும் வாயுவின் நிலை வேறு. அதனை விற்பவர் ஒரு நாட்டில் பதிவுபெற்ற நிறுவனமாக இருப்பார். வாயு வேறொரு நாட்டில் எடுக்கப்பட்டிருக்கும். நிறுவனத்தின் உரிமை மூன்றாவதொரு நாட்டின் அரசிடம் இருக்கும். அந்த மூன்றாம் நாடு அண்டை நாட்டின்மீது படையெடுக்குமானால், அதன் நிறுவனத்திடம் எரிசக்தி வாங்கும் மற்றோர் அரசின் கடப்பாடு யாது? இவ்வினாவை ஒட்டிய சில உண்மை நிகழ்வுகளைச் சிங்கப்பூரை மையமாக வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்முதலும் ஆக்கிரமிப்பும்

கொள்முதல் என்பது கடைத்தெருவில் வழங்கும் சொல். சிராங்கூன் சாலை மளிகை வணிகர் ஒருவர் கொள்முதல் விலை என்று சொல்லும்போது, தாம் முதல் போட்டு வாங்கிய விலையைக் குறிக்கிறார். முதல் அவருடையது, இழப்பும் அவருடையதே. அரசின் கொள்முதலில் முதல் மக்களுடையது. வாங்குவதற்கு முன் அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. தனி மனிதர் ஒருவர் மனம் ஒவ்வாத கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். தம் வரிப்பணத்தைக் கொண்டு அரசு எங்கு வாங்குகிறது என்பதை அவர் அவ்வாறு தீர்மானிக்க இயலாது. ஆகவேதான் பொதுக் கொள்முதலில் அறம் பற்றிய பொறுப்பு வாங்கும் அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்கிறது. திருக்குறளில் வினைத்தூய்மை என்னும் அதிகாரம் அமைச்சைப் பற்றிப் பேசும் பகுதியில் வைக்கப்பட்டிருப்பதை ஈண்டு நினைவுகூரலாம். செயலின் தூய்மை அங்கே வினை செய்வாரின் கடமையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

ஆக்கிரமிப்பு என்னும் சொல்லுக்கும் வரையறை உண்டு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1974 டிசம்பர் 14ஆம் நாள் 3314ஆம் தீர்மானத்தின் வழி அதனை வரையறுத்தது. ஓர் அரசு மற்றோர் அரசின் இறையாண்மைக்கும் நிலப்பரப்பின் ஒருமைப்பாட்டிற்கும் எதிராகப் படைவலியைப் பயன்படுத்துவதே அதன் சாரம். 2022 மார்ச் 2ஆம் நாள் அதே சபை உக்ரேன் மீதான ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து வாக்களித்தது. 141 நாடுகள் ஆதரித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. 35 நாடுகள் வாக்களிப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கின. தமிழுக்கு அரசேற்பு உள்ள மூன்று நாடுகளுள் சிங்கப்பூர் ஆதரித்தது. இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கின. பின்னர் நிகழ்ந்தவற்றைப் பார்க்கும்போது, ஒதுங்கி நின்றமையால் எவரும் விளைவுகளிலிருந்து தப்பிவிடவில்லை என்பது தெரியவரும்.

புக்கோம் தீவின் இரு நிகழ்வுகள்

சிங்கப்பூர் எரிபொருள் வாணிகத்தின் தொடக்கமே ரஷ்ய எண்ணெயோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாத செய்தி. 1892ஆம் ஆண்டு மியூரெக்ஸ் என்னும் எண்ணெய்க் கப்பல், அன்று ரஷ்யப் பேரரசின் துறைமுகமாக இருந்த பாத்தூமில் மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு, சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. சாமுவேல் நிறுவனம் புக்கோம் தீவில் அமைத்திருந்த தொட்டிகளில் அச்சரக்கு இறக்கப்பட்டது. பின்னாளில் ஷெல் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் வித்து அதுவே. எண்ணெய் ஓரிடத்தது, கப்பல் ஓரிடத்தது, முதலீடு ஓரிடத்தது, தொட்டி மட்டும் சிங்கப்பூரில் என்ற அமைப்பு அன்றே உருவாகிவிட்டது. இன்றும் அடிப்படையில் அது மாறவில்லை.

அதே புக்கோம் தீவில் 1974 ஜனவரி 31ஆம் நாள், ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவரும் ஷெல் சுத்திகரிப்பு ஆலையில் வெடிகுண்டுகளை வைத்தனர். தப்பிச் செல்ல முயன்றபோது லாஜூ என்னும் பயணப் படகைக் கைப்பற்றி அதன் ஊழியர்களைப் பிணையாகப் பிடித்தனர். சிங்கப்பூரிலிருந்து தென் வியட்நாமுக்குச் செல்லும் எண்ணெயைத் தடுப்பதே தங்கள் நோக்கம் என்று அவர்கள் கூறினர். ஒரு வாரத்திற்குப் பின், பிப்ரவரி 8ஆம் நாள், அவர்கள் விமானத்தில் குவைத்துக்கு அனுப்பப்பட்டனர். பாதுகாப்புக்கு உறுதியாக உடன் சென்ற 13 சிங்கப்பூர் அதிகாரிகளின் குழுவிற்குத் தலைமை தாங்கியவர், பிற்காலத்தில் நாட்டின் அதிபரான எஸ். ஆர். நாதன்.

பயங்கரவாதம் ஒருபோதும் வாதமாகாது. எனினும் இந்நிகழ்வு ஒன்றைக் காட்டிற்று. எண்ணெயை வெறும் சரக்காக மட்டுமே நினைத்து விற்ற இடத்தை, போரில் தொடர்புடைய ஒரு தரப்பினர் போரின் உறுப்பாகவே கண்டனர். வாணிகம் நடுநிலையானது என்று விற்பவர் சொல்லிக்கொள்வதால் மட்டும் அது பிறர் கண்ணில் நடுநிலையாகிவிடுவதில்லை.

கெயில் நிறுவனத்தின் அனுபவம்

நம் வினாவிற்கு மிக அணுக்கமான நிகழ்வு இந்திய அரசுத்துறை நிறுவனமான கெயிலுக்கு நேர்ந்தது. இதில் விற்றவர் சிங்கப்பூரில் இருந்தார் என்பதால் சற்று விரிவாகவே நோக்குவோம்.

2012ஆம் ஆண்டு கெயில் நிறுவனம், காஸ்புரோம் மார்க்கெட்டிங் அண்ட் டிரேடிங் சிங்கப்பூர் என்னும் நிறுவனத்துடன் இருபது ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 25 இலட்சம் டன் திரவ இயற்கை எரிவாயு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. விற்பவரின் முகவரி சிங்கப்பூர். அந்நிறுவனத்திற்கு மேலே இலண்டனில் ஒரு நிறுவனம். அதற்கு மேலே பெர்லினில் காஸ்புரோம் ஜெர்மானியா. அதற்கும் மேலே ரஷ்யாவின் காஸ்புரோம். காஸ்புரோமின் பாதிக்கு மேற்பட்ட பங்கு ரஷ்ய அரசினுடையது. ஏணியின் அடிப்படி சிங்கப்பூரிலும் உச்சிப்படி மாஸ்கோவிலும் இருந்தன. இதில் மறைவு எதுவும் இல்லை. நிறுவனத்தின் பெயரிலேயே காஸ்புரோம் இருந்தது.

முதல் சரக்கு 2018 ஜூன் மாதம் குஜராத்தின் தஹேஜ் முனையத்தை அடைந்தது. அது ரஷ்யாவில் எடுக்கப்பட்ட வாயுவன்று, நைஜீரியாவிலிருந்து வந்தது. இது கவனிக்கத்தக்கது. வாயு எங்கிருந்து வந்தால் என்ன, விற்பவர் எங்கிருந்தாவது கொண்டுவந்து தருவார் என்னும் நம்பிக்கையே இத்தகைய ஒப்பந்தங்களின் உயிர்நாடி.

2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரேன்மீது முழு அளவில் படையெடுத்தது. மார்ச் மாத இறுதியில் காஸ்புரோம் தன் ஜெர்மானியக் கிளையைக் கைவிடுவதாக அறிவித்தது. ஏப்ரல் 4ஆம் நாள் ஜெர்மன் அரசு அக்கிளையைத் தன் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் வைத்தது. ஜெர்மனி செய்ததில் பிழை காண்பது கடினம். தன் நாட்டு வாயுச் சேமிப்புக் கிடங்குகளை நடத்தும் நிறுவனம் ஆக்கிரமிப்பு அரசின் கையில் இருப்பதை எந்தப் பொறுப்புள்ள அரசும் பொறுத்துக்கொள்ளாது. ஆனால் மே 11ஆம் நாள் ரஷ்யா எதிர்த்தடை விதித்தது. அத்தடைப் பட்டியலில் காஸ்புரோம் ஜெர்மானியாவுடன் அதன் துணை நிறுவனங்களும் இடம்பெற்றன. சிங்கப்பூர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. அந்நிறுவனத்துக்கு ரஷ்யாவின் யமால் முனையத்திலிருந்து வரவேண்டிய வாயு நின்றது. கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்களும் அதனோடு நின்றன.

விற்பவரோ ஒப்பந்தத்தில் கண்ட தண்டத்தொகையைச் செலுத்த முன்வந்தார். சந்தையில் அப்போது வாயு விற்ற விலையை நோக்க அத்தண்டம் சிறியது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஆசியாவின் உடனடிச் சந்தை விலை, பத்து இலட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 60 அமெரிக்க டாலரைக் கடந்து சென்றது. நீண்டகால ஒப்பந்த விலைகள் அதில் சிறு பகுதியே. கெயில் நிறுவனம் உரத் தொழிற்சாலைகளுக்கும் பிற தொழில்களுக்கும் தரும் வாயுவைக் குறைக்க நேர்ந்தது. உத்தரப் பிரதேசத்திலுள்ள தன் பாத்தா பெட்ரோ வேதியியல் ஆலையின் உற்பத்தியையும் குறைத்தது. பெர்லின் நிறுவனம் 2022 ஜூனில் செஃபே எனப் பெயர் மாற்றப்பட்டு, நவம்பரில் ஜெர்மன் அரசின் உடைமையானது. 2023இல் வாயு மீண்டும் வரத் தொடங்கிற்று. வராத கப்பல்களுக்காகக் கெயில் இலண்டன் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் ஏறத்தாழ 180 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு கோரியது. 2025 ஜனவரியில் 28 கோடியே 50 இலட்சம் டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. கோரியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வழக்கின் விந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியா ரஷ்யாவைக் கண்டிக்கவில்லை, தடை விதிக்கவில்லை, ரஷ்யக் கச்சா எண்ணெயைத் தள்ளுபடி விலையில் தொடர்ந்து வாங்கிற்று. அறத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் செலவு கூடும், விலையை மட்டும் பார்ப்பதே நாட்டு நலன் என்பது பல தலைநகரங்களில் கேட்கும் வாதம். விலையை மட்டும் பார்த்த ஒப்பந்தம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் விற்பவரின் உரிமையாளர் போரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய காப்பு அதில் இருக்கவில்லை என்பதை விளைவே காட்டுகிறது. 2012இல் இது எவருக்குத் தெரியும் என்று கேட்கலாம். 2009 ஜனவரியிலேயே உக்ரேன் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் வாயு இரு வாரங்கள் நின்றுபோயிருந்தது. 2014இல் கிரீமியா கைப்பற்றப்பட்டது. 2018 ஜனவரியில் இதே ஒப்பந்தம் மறுபேச்சுக்கு வந்தபோது அவ்விரு எச்சரிக்கைகளும் கண்முன் இருந்தன. அப்போது வெளிவந்த செய்திகளில் பேசப்பட்டது விலைக்குறைப்பு பற்றியே.

ஒப்பந்தச் சட்டத்தில் ஃபோர்ஸ் மஜூர் என்று வழங்குவதைத் தவிர்க்கவியலா இடர் என்று தமிழாக்குகிறோம். புயலும் நிலநடுக்கமும் தவிர்க்கவியலாதவை. விற்பவரின் உரிமையாளர் தானே தொடங்கிய போரையும், அதன் தொடர்ச்சியாகத் தானே விதித்த தடையையும் அவ்வகையில் சேர்க்கலாமா? வாங்குவோர் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அதுபோலவே, வாயு வராவிட்டால் செலுத்தும் தண்டம் ஒப்பந்த விலையின் ஒரு பங்காக இருக்குமா, மாற்று வாயு வாங்க ஆகும் செலவாக இருக்குமா என்பதும். அறம் இங்கே உணர்ச்சிப் பெருக்காக வரவேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் ஓர் உட்பிரிவாக வந்தால் போதும்.

எரிசக்திக்கு மட்டும் விலக்கு

ஐரோப்பாவில் இக்கேள்வி நகர மன்றங்கள் வரை வந்தது. பிரிட்டனில் காஸ்புரோமின் சில்லறைக் கிளையிடம் வாயு வாங்கிய நகர மன்றங்களும் மருத்துவமனைகளும் பல. 2022 மார்ச் மாதத்தில் அவ்வொப்பந்தங்களை முறிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. முறிப்பதாக அறிவிப்பது எளிது. முறித்தால் செலுத்த வேண்டிய இழப்பீடு ஆக்கிரமிப்பு அரசின் நிறுவனத்திற்கே போய்ச் சேரும் என்பதைப் பின்னரே பலர் உணர்ந்தனர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஏப்ரல் 8ஆம் நாள் ஒரு விதி செய்தது. ரஷ்யரோ, ரஷ்ய நிறுவனமோ, பாதிக்கு மேல் ரஷ்ய உரிமை கொண்ட வேறு எந்நாட்டு நிறுவனமோ குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட பொதுக் கொள்முதல் ஒப்பந்தங்களைப் பெறலாகாது. ஒப்பந்த மதிப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பங்கேற்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் இது பொருந்தும். நிறுவனம் எங்கே பதிவுபெற்றுள்ளது என்பதோடு நில்லாமல், அதன் உரிமையாளர் யார் என்று கேட்பதால் இது குறிப்பிடத்தக்க விதி. ஆயினும் அதே விதியில் அரசுகள் அனுமதி வழங்கத்தக்க விதிவிலக்குகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று இயற்கை எரிவாயுவும் எண்ணெயும்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய வரலாற்றைப் படித்தோருக்கு இது புதிதன்று. 1935இல் இத்தாலி அபிசீனியாமீது படையெடுத்தபோது நாடுகள் கழகம் தடைகள் விதித்தது. இத்தாலியப் படையின் ஊர்திகளுக்கு இன்றியமையாத எண்ணெய் மட்டும் அத்தடையில் சேர்க்கப்படவில்லை. மறு ஆண்டே அபிசீனியா வீழ்ந்தது. எது மிகுதியாக வலிக்குமோ அதுவே விலக்கப்படுகிறது. ஏனெனில் வலி இரு பக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யத் திரவ வாயுவை நீண்டகால ஒப்பந்தங்களின் கீழ் வாங்குவதை 2027 ஜனவரி முதல் நிறுத்த முடிவெடுத்தது 2025 அக்டோபரில்தான்.

இல்லாதவரின் கொள்முதல்

வசதியுள்ள நாடுகளே இவ்வளவு தயங்கும்போது, இலங்கையின் நிலையை எண்ணாமல் இப்பொருளை எழுதுவது நேர்மையாகாது. 2022இல் டாலர் இன்றி நாடு தவித்தபோது, கச்சா எண்ணெய் இல்லாமல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலை மார்ச் மாதம் மூடப்பட்டது. யாழ்ப்பாணம் முதல் அம்பாந்தோட்டை வரை மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றனர். மே மாத இறுதியில் துபாயில் இயங்கிய வணிக நிறுவனம் ஒன்றின் வழியாக 90,000 டன் ரஷ்யக் கச்சா எண்ணெயை இலங்கை வாங்கிற்று. பணம் செலுத்த இயலாமையால் அக்கப்பல் கொழும்புக் கரைக்கு அப்பால் வாரக்கணக்கில் காத்திருந்தது.

இதனை அறப்பிழை என்று எழுத என்னால் இயலவில்லை. வரிசையில் நிற்பவரிடம் எண்ணெயின் ஊர் கேட்கச் சொல்வது, வயிறு நிறைந்தவர் செய்யும் உபதேசம். தேர்ந்தெடுக்கும் ஆற்றல் உள்ளவனுக்கே தேர்வின் பொறுப்பும் உண்டு; ஆற்றல் பெருகப் பொறுப்பும் பெருகும். அவ்வாற்றல் மிகுதியாக உள்ள நாடுகளுள் சிங்கப்பூர் ஒன்று.

சிங்கப்பூரின் நிலை

2022 பிப்ரவரி 28ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் ரஷ்யாவுக்கு எதிரான நடவடிக்கைகளை அறிவித்தார். மார்ச் 5ஆம் நாள் விவரம் வெளியானது. படைக்கருவி சார்ந்த பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நான்கு ரஷ்ய வங்கிகளுடன் நிதி நிறுவனங்கள் கொள்ளும் தொடர்பு தடுக்கப்பட்டது. ரஷ்ய அரசுக்கும் அதன் மத்திய வங்கிக்கும் நிதி திரட்டித் தருவதும் தடுக்கப்பட்டது. 1978இல் வியட்நாம் கம்போடியாமீது படையெடுத்ததற்குப் பின், பாதுகாப்பு மன்றத்தின் கட்டளை இன்றித் தானே முன்வந்து சிங்கப்பூர் இத்தகைய நடவடிக்கை எடுத்தது இதுவே. பெரிய நாடு சிறிய நாட்டை விழுங்குவதை ஏற்றுக்கொண்டால் நாளை தனக்கும் அதுவே நேரும் என்பது ஒரு சிறு தீவின் இயல்பான அச்சம். 1983இல் அமெரிக்கா கிரனடாமீது படையெடுத்தபோது, நட்பு நாடாயினும் அதனைக் கண்டிக்கும் தீர்மானத்தைச் சிங்கப்பூர் ஆதரித்தது இக்கொள்கையின் வலிமைக்குச் சான்று. 2003இல் ஈராக் போரின்போது அமெரிக்கா வெளியிட்ட ஆதரவு நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இடம்பெற்றிருந்ததையும் உடன் சொல்லவேண்டும். ஓர் அளவுகோலை எப்போதும் ஒரே நீளத்தில் வைத்திருப்பது எந்த அரசுக்கும் எளிதன்று.

மேற்கண்ட நடவடிக்கைகளில் ரஷ்ய எண்ணெய் இறக்குமதிக்குத் தடை இல்லை. உலகின் மிகப் பெரிய கப்பல் எரிபொருள் துறைமுகம் அத்தகைய தடையைத் தனித்து விதிப்பது எளிதன்று என்பதும் உண்மை. இதுவரை இக்கேள்வி அரசை நேரே தொடாமல் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மின் நிலையங்கள் தமக்கு வேண்டிய வாயுவைத் தாமே இறக்குமதியாளர்கள் வழி வாங்கிவந்தன. வாங்கியது சந்தை, அரசன்று.

அந்நிலை மாறிவருகிறது. 2023 அக்டோபரில் எரிசக்திச் சந்தை ஆணையம், மின் உற்பத்திக்குரிய வாயுவை ஒருங்கே வாங்கும் நிறுவனம் ஒன்று அமைக்கப்படும் என்று அறிவித்தது. காஸ்கோ எனப்படும் அந்நிறுவனம் இப்போது அமைக்கப்பட்டுவிட்டது. 2021 பிற்பகுதியில் உலகச் சந்தை விலை ஏறியபோது சில மின் விற்பனையாளர்கள் கடையை மூடிவிட்டுப் போன அனுபவமும், உக்ரேன் போர் தந்த அதிர்ச்சியும் இம்முடிவுக்குப் பின்னணி. பலர் சேர்ந்து வாங்கினால் விலை குறையும், நீண்டகால ஒப்பந்தம் எளிதாகும் என்பதே இதற்குரிய நியாயம். அந்த நியாயத்தில் குறையில்லை. ஆனால் இனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கை அரசின் கை. விற்பவரின் ஏணியில் உச்சிப்படியில் நிற்பவர் யார், அவர் போர் தொடுத்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை வாங்குவோருக்கு உண்டா, வாயு நின்றால் மாற்றுச் செலவு யாருடையது, விற்பவரின் உரிமை இடையில் கைமாறினால் முன்கூட்டியே தெரிவிக்கப்படுமா என்னும் கேள்விகள் இனி அந்த மேசையில் கேட்கப்பட வேண்டியவை. அவற்றுள் எவையெவை ஏலக் குறிப்பிலேயே எழுதப்படுகின்றன என்பதை, அடுத்த இருபது ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்ற உறுப்பினர் எவரேனும் கேட்டு விடை பெறலாம்.